‘மெஷினைத்தானே ரிப்பேர் செய்கிறேன் ஹஜ்ரத்!’

 

சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். நம் பகுதி இளைஞர்தான். ஐந்து வேளை தொழுபவர். வாப்பாவின் கடன், தங்கைகளின் கல்யாணம், ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் என்று எல்லாச் சுமையையும் தோளில் போட்டுக்கொண்டு விமானம் ஏறியவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வெளியிடவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. உங்களுக்கும் எனக்கும் உரியது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அவர் வேலை பார்ப்பது வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் ஒரு கடையில். மிக்ஸி, ஓவன், ரைஸ் குக்கர் என்று வந்துகொண்டிருந்த இடத்துக்கு இப்போது புதிதாக ஒரு பெட்டி வருகிறது. வீட்டிலேயே பீர் காய்ச்சும் தானியங்கி மெஷின்! சிங்கப்பூரில் விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை பீர் தயாரித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே வாங்குபவர்கள் வாங்குகிறார்கள். பழுதானால் கடைக்குக் கொண்டுவருகிறார்கள்.

தம்பி எழுதுகிறார்:

“முதலில் ஒரு மெஷின் வந்தது. தண்ணீர் ஏறவில்லை. பிரித்துப் பார்த்தால் பம்பில் தானியத் தவிடு அடைத்திருந்தது. எடுத்துப் போட்டேன். அடுத்ததில் சென்சார் தவறாகக் காட்டி, சூடு ஆறாமலே ஈஸ்ட் விழுந்து செத்து, சரக்கு கெட்டுப் போயிருந்தது. சென்சாரை மாற்றினேன். இன்னொன்றில் மூடியின் ரப்பர் வளையத்தில் கசிவு. வாயு நிற்கவில்லை. அதையும் மாற்றினேன். ஒருநாள் அடியில் தங்கிய புளித்த மண்டியைக் கழுவினேன். அந்த வாடை இஷா வரைக்கும் கையை விட்டுப் போகவில்லை. இப்போது முதலாளி, பச்சைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தால் போதாது, ஒரு முறை முழுதாகக் காய்ச்சிப் பார்த்த பிறகுதான் கஸ்டமரிடம் கொடுக்க வேண்டும் என்கிறார். நான் குடிப்பதில்லை ஹஜ்ரத்! மெஷினைத்தானே ரிப்பேர் செய்கிறேன்? என் சம்பளம் ஹலால்தானே?”

சகோதரர்களே! கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். முதலில் பம்பு. பிறகு சென்சார். பிறகு மூடி. பிறகு மண்டி. கடைசியில் அவர் கையாலேயே முழு பீர்! ஒரே நாளில் முதலாளி, “தம்பி, பீர் காய்ச்சு” என்று சொல்லியிருந்தால் இந்த இளைஞர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருப்பார். ஆனால் படிப்படியாக வந்தது. படிப்படியாக வருவதைப் பற்றித்தான் அல்லாஹ் தன் திருமறையில், ஷைத்தானின் அடிச்சுவடுகளைப் பின்பற்றாதீர்கள் என்று எச்சரிக்கிறான் (24:21). அடிச்சுவடு என்பது ஒரு எட்டு அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் எட்டுகள்!

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

முளைகட்டிக் காயவைத்த பார்லியைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவைத்தால் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் வெளியிடுகிறது. இதுதான் பீர். பழைய காலத்து வேலை. அடுப்படியில் நின்று, சூடு பார்த்து, துழாவி, வடித்து, நாள் கணக்கில் காவல் காத்துச் செய்த வேலை. இப்போது அதையெல்லாம் பெட்டி தானே செய்கிறது.

அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில் தடைபட்ட வீட்டு பீருக்கு 1978ஆம் ஆண்டில்தான் மத்திய சட்டம் வழிவிட்டது. சியாட்டிலில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய பிக்கோபுரூ நிறுவனம், 2013இல் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டித் தன் முதல் மெஷினைக் கொண்டுவந்தது. 2019இல் கொரியாவின் எல்ஜி நிறுவனம் கேப்சூல் போட்டு பட்டனை அழுத்தினால் சில வாரங்களில் 5 லிட்டர் பீர் தரும் பெட்டியைச் சுமார் 40 லட்சம் வொன் விலையில் இறக்கியது. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் செய்த அதே கம்பெனி! துணி துவைக்க ஒரு பெட்டி, காய்கறி வைக்க ஒரு பெட்டி, போதைக்கு ஒரு பெட்டி. சமையலறையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்!

2020இல் பிக்கோபுரூ நிறுவனம் மூடப்பட்டது. அதன் மெஷின்கள் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து இண்டர்நெட் வழியாகச் செய்முறையைப் பெற்று ஓடுபவை. கம்பெனி போனால் மெஷினும் ஊமையாகிவிடுமே என்று அதை வாங்கியவர்களில் விவரம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து, தாங்களே மாற்று சர்வர் எழுதி, மெஷின்களைத் திரும்ப ஓட்டினார்கள். கூலி கிடையாது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பீர் பெட்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக இத்தனை உழைப்பு! நம் மஹல்லாவில் மக்தப் மதரஸா நின்றுபோய் எத்தனை வருடமாகிறது? அதைத் திரும்ப ஓட்ட யார் கண்விழித்தோம்?

‘பீர்தானே, லைட்டானதுதானே?’

இப்படி ஒரு பேச்சு நம் இளைஞர்களிடம் புழங்குகிறது. திராட்சையில் செய்ததுதான் மது, பார்லியில் செய்தது பானம் என்பதுபோலச் சிலர் பேசுகிறார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. யமன் நாட்டுக்கு அனுப்பப்பட்ட அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், அங்கே மக்கள் தேனிலும் பார்லியிலும் தயாரிக்கும் பானங்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். பார்லி பானத்துக்கு ‘மிஸ்ர்’ என்று பெயர். மது மாதிரியான பானங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுத்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரே அளவுகோலைக் கொடுத்தார்கள்: போதை தருவது எதுவானாலும் ஹராம் (புகாரி). உமர் (ரலி) அவர்களும் மிம்பரில் நின்று, மது எவற்றிலிருந்து செய்யப்படுகிறது என்று எண்ணிச் சொன்ன ஐந்து பொருள்களில் பார்லியும் ஒன்று (புகாரி).

ஆக, 1400 ஆண்டுகளுக்கு முன்பே பீருக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கேப்சூலில் வந்தாலும் அதே தீர்ப்புதான். பட்டனை அழுத்தி வந்தாலும் அதே தீர்ப்புதான்!

‘பாத்திரத்துக்கு என்ன பாவம்?’

இது இரண்டாவது வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நியாயமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனா வந்தபோது, சுரைக்குடுக்கை, பச்சை ஜாடி, குடைந்த பேரீச்ச அடிமரம், கீல் பூசிய பாத்திரம் ஆகியவற்றில் பானம் ஊறவைக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவற்றில் ஊறியது வெளியே தெரியாமலே புளித்துப் போதையாகிவிடும். பிற்காலத்தில், மக்கள் மனத்தில் தடை ஊன்றிய பிறகு, எந்தப் பாத்திரத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் போதை தருவதைக் குடிக்காதீர்கள் என்று அந்தக் கட்டளை தளர்த்தப்பட்டது (முஸ்லிம்). பாத்திரத்தில் பாவமில்லை என்பது உண்மைதான். புளிக்க வைப்பதும் பாவமில்லை. நாம் இட்லி மாவைப் புளிக்க வைக்கிறோம். தயிர் உறைய வைக்கிறோம். நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும் தண்ணீரில் ஊறவைக்கப்பட்டன. அதிகபட்சம் மூன்றாம் நாள் வரை பருகுவார்கள். அதற்குமேல் மீந்ததைக் கொட்டச் சொல்லிவிடுவார்கள் (முஸ்லிம்).

ஆனால் சகோதரர்களே! சுரைக்குடுக்கையில் தண்ணீர் வைக்கலாம், தேன் வைக்கலாம், எண்ணெய் வைக்கலாம். அது பல வேலை பார்க்கும் பாத்திரம். இந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டது? விளம்பரத்தில் என்ன படம்? கேப்சூலில் என்ன சரக்கு? பட்டனை அழுத்தினால் என்ன வருகிறது? ஒரே வேலைக்காகப் பிறந்த கருவியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, பாத்திரத்துக்கு என்ன பாவம் என்று கேட்பது, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஜேபடிக்காரன், “நான் தையல்காரன்” என்று சொல்வது போன்றது!

பத்தில் குடிப்பவர் ஒருவர்தான்!

இப்போது நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். மது விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்ததாகத் திர்மிதீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் ஆகியோரே அந்தப் பத்துப் பேர்.

எண்ணிப் பாருங்கள். பத்தில் குடிப்பவர் ஒருவர்தான்! மற்ற ஒன்பது பேரும் ஒரு சொட்டுகூட வாயில் வைக்காதவர்களாக இருக்கலாம். “நான் குடிப்பதில்லை” என்பது ஒன்பது பேரும் சொல்லக்கூடிய வாதம். அந்த வாதத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது இந்த ஹதீஸ்.

தானியங்கி மெஷினின் தந்திரம் என்ன தெரியுமா? பாவத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. கேப்சூல் அடைப்பவன், “நான் பார்லி அடைக்கிறேன்” என்பான். கூரியர்க்காரன், “நான் பெட்டி தூக்குகிறேன்” என்பான். கடைக்காரன், “நான் எலெக்ட்ரிக் சாமான் விற்கிறேன்” என்பான். வாங்கியவன், “நான் பட்டனைத்தான் அழுத்தினேன், காய்ச்சியது மெஷின்” என்பான். எல்லோர் கையும் சுத்தம். பீர் மட்டும் தயார்! குற்றம் இருக்கிறது, குற்றவாளியைக் காணோம்! பத்துப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திய மார்க்கத்திடம் இந்தத் தந்திரம் எடுபடுமா?

“பட்டியலில் மெக்கானிக் இல்லையே ஹஜ்ரத்” என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால், நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவுங்கள், பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவாதீர்கள் என்ற இறைவசனம் (5:2) இருக்கிறதே! பம்பைச் சரி செய்வது உதவி. மூடியின் கசிவை நிறுத்துவது உதவி. இனி, முழுதாகக் காய்ச்சிப் பார்க்கச் சொல்கிறாரே முதலாளி, அது உதவிகூட அல்ல. அன்றைக்குப் பார்லியைப் போட்டு, ஈஸ்டைத் தூவி, மூடியைத் திருகுபவர் பத்துப் பேர் பட்டியலில் முதல் ஆளாகவே போய் நிற்கிறார்.

ஓதிய சிலர் ஒரு கித்தாபைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முஸ்லிமல்லாதவரின் மதுவைச் சுமந்து கொடுத்துக் கூலி வாங்கலாமா என்ற பழைய மஸ்அலாவில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்களே என்பார்கள். உண்மை. ஆனால் அவர்களுடைய தலைசிறந்த மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அதே மஸ்அலாவில் அதை வெறுத்து ஒதுக்கியதையும் சேர்த்துப் படியுங்கள். பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பத்வா கொடுக்காதீர்கள். அது சுமைகூலியைப் பற்றிய விவாதம். ஒரு முஸ்லிம் தன் கையால் மதுவைக் காய்ச்சிப் பார்ப்பதற்கு அதில் எந்த வழியும் இல்லை.

வியாபாரப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை!

தம்பியின் கடிதம் வந்த அதே மாதத்தில், சென்னையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரிய வியாபாரி என் தோளில் கை போட்டார். இறக்குமதிச் சரக்கு செய்பவர். “ஹஜ்ரத், வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வருகிறது. பீர் என்று பெட்டியில் போட மாட்டோம். புளிக்க வைக்கும் மெஷின் என்றுதான் போடுவோம். இட்லி மாவுகூடப் புளிக்க வைக்கலாம். துஆச் செய்யுங்கள்” என்றார்.

இட்லி மாவாம்! பாய், உங்கள் வீட்டுப் பெண்கள் இட்லி மாவுக்கு ஹாப்ஸ் கேப்சூல் கேட்டார்களா? வாயு ஏற்றும் சிலிண்டர் கேட்டார்களா?

இந்தத் தந்திரமும் பழையதுதான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது, பீருக்கு மூலப்பொருளான மால்ட் பாகு, “ரொட்டி சுட” என்ற பெயரில் மளிகைக் கடைகளில் விற்றது. விற்றவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். சட்டத்துக்கு மட்டும் ரொட்டி! போலீஸ்காரரிடம் இந்த ரொட்டிக் கதை செல்லலாம். உள்ளங்கள் மறைப்பதை அறிந்தவனிடம் செல்லுமா?

நம் நாட்டுச் சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. நீங்கள் விற்ற பெட்டியால் நாளை ஒரு கல்லூரி மாணவன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பான். நீங்கள் பில் புத்தகத்தில் “சமையல் சாதனம்” என்று எழுதியது அவனைக் காப்பாற்றுமா?

லாபம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது! திருக்குர்ஆன் அதை மறுக்கவே இல்லை. மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்றுதான் சொல்கிறது (2:219). லாபக் கணக்கைப் பார்த்த பிறகுதான் தடை வந்தது.

ஒருவர் நபி (ஸல்) அவர்களுக்கு மதுத் தோற்பையை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். தடை வந்துவிட்டதை அறிந்ததும், பக்கத்திலிருந்தவரின் காதில் ரகசியமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னீர் என்று கேட்டார்கள். விற்றுவிடச் சொன்னேன் என்றார். அதைக் குடிப்பதைத் தடுத்தவன் அதை விற்பதையும் தடுத்துவிட்டான் என்ற பதிலைக் கேட்டதும், பையின் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினார் (முஸ்லிம்). அபூதல்ஹா (ரலி) வீட்டில் அனஸ் (ரலி) ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தடையை அறிவிக்கும் குரல் தெருவில் கேட்டது. கையிருப்பு எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது (புகாரி). அவர்கள் கொட்டினார்கள். நாம் கண்டெய்னரில் இறக்குகிறோம்!

கோஷம் வெளியே, வாடகை உள்ளே!

நம் அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்குக்கு முயல வேண்டும் என்று அரசுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் 1983இல் உருவாக்கப்பட்ட டாஸ்மாக்கை, 2003 முதல் தெருத்தெருவாகச் சில்லறைக் கடை நடத்த வைத்திருப்பதும் அரசுதான். ஆட்சிகள் மாறின. கடைகள் நின்றன. நாம் கொடி பிடிக்கிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம், மறியல் செய்கிறோம், கைதாகிறோம். செய்யத்தான் வேண்டும். இன்னும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் கேட்கிறேன்: அந்தக் கடைக்குக் கட்டிடம் வாடகைக்கு விட்டவர்களில் நம்மவர்கள் இல்லையா? பாருக்கு டம்ளரும் நொறுக்குத்தீனியும் மொத்தமாகச் சப்ளை செய்பவர்களில் நம்மவர்கள் இல்லையா? நாளை இந்தப் பெட்டியும் நம்மவர் கடை ஷோகேஸில் உட்கார்ந்துவிட்டால், கோட்டையை நோக்கி நாம் கை நீட்டும்போது அந்த விரல் எங்கே திரும்பும்?

தெளிவாகச் சொல்கிறேன். மாற்று மதச் சகோதரர் தன் வீட்டில், தன் நாட்டுச் சட்டப்படி என்ன செய்கிறார் என்று கதவைத் தட்டிப் பார்ப்பது நம் வேலையல்ல. அவரோடு நமக்குப் பகையும் இல்லை. நம் சம்பளம், நம் சரக்கு, நம் கல்லாப்பெட்டி. கேள்வி இவற்றைப் பற்றியது.

தம்பி என்ன செய்தார்?

நான் அவருக்கு எழுதிய பதில் சுருக்கமானது: “முதலாளியிடம் நேராகப் பேசுங்கள். சண்டை போடாதீர்கள். வேறு மெஷின் எதுவானாலும் செய்கிறேன், இதை மட்டும் என் மார்க்கம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். ஏற்காவிட்டால் வேறு வேலை தேடுங்கள், நாங்களும் தேடுகிறோம்.”

மூன்று நாள் தயங்கிவிட்டுப் பேசியிருக்கிறார். முதலாளி ஒரு சீனர். கேட்டுவிட்டு, “அப்படியா? முன்னமே சொல்லியிருக்கலாமே” என்று சொல்லி, அவரை ரைஸ் குக்கர் மேஜைக்கு மாற்றிவிட்டாராம். ஆனால் பீர் மெஷின் ஒவ்வொன்றுக்கும் கிடைத்துவந்த கமிஷன் போய்விட்டது. இந்த மாதம் ஊருக்கு அனுப்பிய பணம் குறைவு. “உம்மா ஏன் குறைந்தது என்று கேட்டார்கள், சொன்னேன், அழுதார்கள், சந்தோஷத்தில்தான்” என்று எழுதியிருக்கிறார்.

பாருங்கள்! கலிமாச் சொல்லாத ஒரு மனிதர் ஒரே வார்த்தையில் புரிந்துகொண்டார். கலிமாச் சொன்ன நம் வியாபாரியோ ஜும்ஆ வாசலில் நின்று என்னிடம் துஆக் கேட்கிறார்! வெட்கமாக இல்லையா?

வியாபாரிகளே! மினாராவுக்கு மார்பிள் கொடுக்கிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். அத்துடன் ஒன்று செய்யுங்கள். ஹராமை விட்டுவிட்டு வெளியே வரும் ஒரு பையனுக்கு உங்கள் கடையில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுங்கள். “விட்டுவிடு” என்று சொல்ல எங்களுக்கு ஒரு மிம்பர் போதும். விட்டவன் சாப்பிட உங்கள் கல்லாப்பெட்டி திறக்க வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் கைத்தொழில் தெரிந்த இளைஞர்களின் பெயர்களை எழுதி வைக்கட்டும். ஆள் தேவைப்படும் வியாபாரிகளின் பெயர்களை எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். இது ஒரு நோட்டுப் புத்தகத்தின் செலவு.

இளைஞனே! உன் கையில் தொழில் இருக்கிறது. அது அல்லாஹ் கொடுத்த அருள். பம்பை இறைப்பதற்குச் சரி செய். சென்சாரை நோயாளியின் படுக்கைக்குச் சரி செய். உன் விரல் பட்ட மெஷின் ஓடும்போது அதிலிருந்து என்ன வடிகிறது என்று ஒரு நிமிடம் குனிந்து பார். நாளை மறுமையில் அந்தக் குவளை உன் பெயரைச் சொல்லும்.

சிந்திப்போமாக! நம்மையும் நம் சம்பாத்தியத்தையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக!

வஸ்ஸலாம்.